பூச்சி அரித்த கட்டம்

முன்பொரு நாள் ஒரு தூரிகைக்குப் பாதி உயிர் போய்விட்டது. காரணம், குமுதவல்லி காலையில் சொன்ன வார்த்தை.

"இந்தப் படமும் சரியா வரலைன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடுவேன்."

பரணில் கிடந்தால் தூரிகையின் முடி விறைத்துப் போகும். அப்புறம் அது எதற்கும் ஆகாது.

குமுதவல்லி தையல்காரி. படம் வரையக் கற்றுக்கொள்ள அவளுக்குக் கொள்ளை ஆசை. பெரிய ஓவியர் ஒருவர் தீட்டிய கிராமக் காட்சியின் பழைய அச்சுப்படம் அவளுக்குக் கிடைத்தது. அதன்மேல் கட்டங்கள் போட்டாள். கான்வாஸ் துணியிலும் அதே மாதிரி போட்டாள். ஒரு கட்டத்தைப் பார்த்து ஒரு கட்டம் தீட்ட வேண்டும், அவ்வளவுதான். வானம் ஆயிற்று, வயல் ஆயிற்று, வரப்பும் ஆயிற்று. தூரிகைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முப்பத்தோராவது கட்டத்தில் தலையில் இடி விழுந்தது. அச்சுப்படத்தில் அந்த இடத்தைப் பூச்சி அரித்துத் தின்றிருந்தது.

"இல்லாததை வரையக் கூடாது. வெள்ளையா விடு," என்றது கட்டம் போட்ட அளவுகோல். அது வாயைத் திறந்தால் தீர்ப்புதான்.

"விட்டா நம்மளப் பரணுக்கு அனுப்பிடுவாங்களே!" தூரிகை அழாத குறை.

வண்ணத் தட்டின் ஓரத்திலிருந்து கருநீலம் மெல்லக் கேட்டது: "பக்கத்துக் கட்டத்துல என்னைத் தொட்டு ஒரு நிழல் போட்டியே, அது யாரோட நிழல்?"

தூரிகை திரும்பிப் பார்த்தது. ஆமாம், வரப்பின்மேல் ஒரு நிழல் கிடந்தது. நிழலுக்கு உரியவரைத்தான் காணோம். இத்தனை நாளும் கட்டத்தைப் பார்த்ததே தவிர, வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று அது பார்க்கவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

குமுதவல்லியும் அந்த நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "குட்டையா, அகலமா... குனிஞ்சு மேயற எருமைதான்," என்று முணுமுணுத்தாள். தூரிகையை வண்ணத்தில் தோய்த்தாள். இருவரும் பின்வாங்கவில்லை. வயிறு வந்தது, முதுகு வந்தது, முதுகில் மேற்கு வெயில் வந்து உட்கார்ந்தது.

மறுவாரம் அதே அச்சுப்படம் முழுசாக ஒன்று கிடைத்தது. அந்தக் கட்டத்தில் இருந்தது வைக்கோற்போர்!

"நான் அப்பவே சொன்னேன்ல? தப்பு!" என்று துள்ளியது அளவுகோல். தூரிகை கண்ணை இறுக மூடிக்கொண்டது.

குமுதவல்லி இரண்டு படத்தையும் சுவரில் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நிழல் அந்த ஓவியரோடது, எருமை என்னோடது. பாந்தமாத்தான் நிக்குது."

புதுத் துணி ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாள். கட்டம் எதுவும் போடவில்லை. எதைப் பார்த்து வரைவது என்று அவள் யோசிப்பதற்குள், தூரிகை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.