கண் படாமல் பார்த்த தீபாவளி

நேர்ப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே சொன்ன சொல்லை யாரும் வளைக்க மாட்டார்கள், நெளிக்க மாட்டார்கள், நேராகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த ஊர்ப் பரமன் ஒருமுறை பஸ்ஸில் முன்வாசல் வழியாக ஏறினான். கண்டக்டர், "உள்ளே போ, உள்ளே போ" என்றார். பரமன் போனான். போய்க்கொண்டே இருந்து, பின்வாசல் வழியாக இறங்கி, நடந்தே வீடு வந்து சேர்ந்தான். பெரிய மனுஷன் ஒருத்தர் சொன்னால் கேட்க வேண்டாமா என்பது அவன் கட்சி.

இந்தப் பரமனுக்குத் தம்பி சடையன். சடையனுக்குத் தம்பி ஒச்சப்பன். மூவரில் ஒச்சப்பனுக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் வெளியூர். பெயர் செண்பகம், நல்ல புத்திசாலி. புத்திசாலி எப்படி இந்த வீட்டுக்கு வந்தாள் என்று கேட்காதீர்கள். தலையெழுத்து என்று ஒன்று இருக்கிறதல்லவா? இருவருக்கும் ஆறு மாத வயதில் பவளம் என்றொரு பெண் குழந்தை. ஒச்சப்பன் அதன்மேல் உயிரையே வைத்திருந்தான்.

பவளத்துக்கு அது முதல் தீபாவளி. செண்பகம் கோழி கூவுமுன் எழுந்து, எல்லோருக்கும் எண்ணெய் வைத்து, அதிரசம் சுட்டு, கறிக்குழம்பு வைத்து, இடையிடையே பிள்ளையையும் பார்த்து, மத்தியானம் ஆகும்போது நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

"ஏங்க, நான் செத்த நேரம் கண்ணசரப் போறேன்" என்று பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்தாள். "இப்பத்தான் பால் குடிச்சிருக்கா. தோள்ல போட்டுத் தட்டுங்க, ஏப்பம் விட்டதும் தொட்டில்ல போட்டுருங்க. வெடிச்சத்தம் காதுல விழக்கூடாது. ஊர்ச்சனம் பாக்க வரும், கண்ணு படாமப் பாத்துக்கங்க. பொழுது சாயவும் மறக்காமச் சுத்திப் போட்டுருங்க."

கதவைச் சாத்தப் போனவள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். "பிள்ளை அழுது நான் முழிச்சேன்னு வைங்க, அவளைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். பொங்கல் கழிச்சுத்தான் வருவேன்."

ஒச்சப்பன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிரசவத்துக்கு அவள் போயிருந்த காலம் கண்முன் வந்தது. அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை. சமைத்தது சடையன் என்பது இன்னொரு காரணம்.

பிள்ளையைத் தோளில் போட்டு ஒச்சப்பன் பயபக்தியோடு தட்டினான். நாலு தட்டு தட்டியிருப்பான், கூடம் அதிர ஒரு ஏப்பம் வந்தது. வந்தது பரமனிடமிருந்து. கறிக்குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏப்பம் வந்துருச்சு" என்றான் சடையன்.

"பிள்ளை விடலையே சின்னண்ணே."

"பிள்ளை விட்டதும்னா சொன்னா? ஏப்பம் விட்டதும் தொட்டில்ல போடுங்கன்னுதான சொன்னா? விட்டது பெரியண்ணன்."

பரமன் சற்று யோசித்தான். "எனக்கு ஒண்ணும் ஆசையில்லை. ஆனா தாயி வாய்விட்டுச் சொல்லிருச்சு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விட்டத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலில் ஏறிப் படுத்தான். விட்டம் முனகியது. சடையன் ஆட்டிவிட்டான். முழங்கால் மூக்கைத் தொட, பரமன் அப்படியே தூங்கிப்போனான். பவளம் அதற்குப் பிறகுதான் தன் ஏப்பத்தை விட்டாள். அதற்குள் தொட்டிலில் இடமில்லை. ஆகவே அவள் அப்பன் தோளிலேயே இருந்துகொண்டாள். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது வெடி. தெருவில் எதிர்வீட்டு வீரணன் சரவெடியோடு நின்றிருந்தான். சடையன் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மாமா, வெடி போடுங்க, வேண்டாங்கலை. சத்தம் மட்டும் போடாதீங்க. பிள்ளை காதுல விழக்கூடாதாம்."

வீரணனும் நேர்ப்பட்டிக்காரன்தான். தெருவையே கூட்டினான். வெடியிலிருந்து சத்தத்தை எப்படிப் பிரிப்பது என்று பேச்சு நடந்தது.

"அரிசியில கல்லு கெடந்தா என்ன பண்றோம்? தண்ணியில போட்டு அரிக்கிறோம்" என்றாள் வீரணன் பெண்டாட்டி சிட்டம்மா.

தெருவில் இருந்த வெடி அத்தனையும் அண்டாவுக்குள் போனது. ஊறியபின் எடுத்துக் கொளுத்தினார்கள். ஒரு சத்தம் இல்லை. "நல்ல சரக்கு" என்று வீரணன் மெச்சினான். ஆனாலும் தீபாவளி என்றால் ஏதாவது ஒன்று கேட்க வேண்டாமா? ஆகவே கொளுத்துகிறவர், தம் பக்கத்தில் நிற்பவர் காதில் மட்டும் "டமால்" என்று ரகசியமாகச் சொல்வது என்று முடிவாயிற்று. சரவெடிக்கு ஒரு வரிசையே குந்தி உட்கார்ந்து, "பட பட பட" என்று ஒருவர் காதில் ஒருவர் ஓதியது. ராக்கெட்டுக்குத் திரி வைத்த வீரணன், அது நகராததைக் கண்டு, தானே அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வேப்பமரத்தில் ஏறினான்.

வாசலில் நின்ற ஒச்சப்பன் தோளிலிருந்து பவளம் இதையெல்லாம் வாய்பிளந்து பார்த்தாள். யாராவது "டமால்" என்று முணுமுணுக்கும்போதெல்லாம் களுக்கென்று சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க ஒச்சப்பனுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. பொங்கல் வரை பிள்ளையைப் பிரிய வேண்டியதில்லை என்று ஒரு நம்பிக்கையும் பிறந்தது.

மரத்திலிருந்து இறங்கிய வீரணனும் சிட்டம்மாவும் பிள்ளையைக் கொஞ்ச வந்தார்கள். பின்னாலேயே தெருவும் வந்தது. சடையன் வாசலில் கையை விரித்து மறித்தான்.

"கண்ணு படாமத்தான் பாக்கணும். செண்பகம் சொல்லிருக்கு."

"கண்ணு படாம எப்படிய்யா பாக்குறது?" என்றான் வீரணன்.

"அதான் எனக்கும் விளங்கலை. பாக்காதன்னா பாக்காம இருந்துறலாம். 'பாத்துக்கங்க'ன்னும் சொல்லிருக்கு."

ஒச்சப்பன்தான் வழி கண்டான். தீபாவளிக்கு எடுத்த புதுத் துண்டுகளைக் கொண்டுவந்து, வந்தவர்கள் கண்ணையெல்லாம் கட்டி உள்ளே விட்டான். பெற்றவன் என்பதால் அவன் மட்டும் ஒரு கண்ணை மூடிக்கொண்டான். பட்டால் பாதி கண்தானே படும்.

கண்கட்டோடு தடவித் தடவிப் போன கூட்டம் தொட்டிலைக் கண்டுபிடித்தது. சிட்டம்மா உள்ளே கையை விட்டாள்.

"ஆத்தாடி, என்ன வளத்தி. ஊட்டம்னா இதுதான் ஊட்டம்."

"காலு என்னா நீளம்" என்றான் வீரணன்.

சிட்டம்மாவின் கை மேலே ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது. "ஏங்க, பிள்ளைக்கு மீசை இருக்கு."

கூட்டம் வரிசையாக ஒருதரம் தடவிப் பார்த்தது. "அது தாத்தா வழி" என்றான் வீரணன் கடைசியாக. "அவுக வம்சத்துலேயே மீசை கூடுதல்."

பரமன் தூக்கத்தில் புரண்டு, "இன்னொரு அதிரசம்" என்றான்.

"ஆறு மாசத்துல என்னமாப் பேசுது" என்று சிட்டம்மா நெட்டி முறித்தாள். எல்லோரும் ஆசீர்வாதம் பண்ணிவிட்டுக் கண்கட்டோடே தெருவுக்குப் போனார்கள். அவிழ்க்கும்படி யாரும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தது. நேர்ப்பட்டியிலும் திருஷ்டி கழிக்கிற வழக்கம் உண்டு. ஆனால் அதைப் பெண்கள் செய்வார்கள். ஆண்கள் அந்த நேரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒச்சப்பன், "சின்னண்ணே, சுத்தி போடச் சொன்னாளே" என்றதும், சடையன் ஆசாரி வீட்டுக்குப் போய் இருப்பதிலேயே பெரிய சுத்தியாகப் பார்த்து இரவல் வாங்கி வந்தான்.

"பச்சப்பிள்ளைக்குச் சுத்தி எதுக்குடா?"

"தெரியலைண்ணே. சொன்னா ஏதாச்சும் இருக்கும்."

"எங்க போடுறது?"

"கீழ போட்டா என்ன? போடுறதுன்னா கீழ போடுறதுதான."

ஒச்சப்பன் பிள்ளையோடு எட்டி நின்றுகொண்டான். சடையன் சுத்தியை உயரத் தூக்கிப் போட்டான். அது நேராக அவன் கால் கட்டைவிரலில் விழுந்தது.

பவளம் திடுக்கிட்டாள். உதடு பிதுங்கியது. கண்ணில் நீர் கோத்தது. ஒச்சப்பன் கதவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். செண்பகம் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அழுகை அவனுக்கே முட்டிக்கொண்டு வந்தது.

சடையன் கத்துவதற்கு வாயைத் திறந்தான். சத்தம் கூடாது என்பது ஞாபகம் வந்தது. ஒற்றைக்காலில் நொண்டி வந்து, பிள்ளையின் காதருகே குனிந்து, கண்ணீரோடு, "டமால்" என்றான்.

பவளம் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு கெக்கெக்கே என்று வீடே நிறையச் சிரித்தாள். நிறுத்தவே இல்லை.

கதவு திறந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு செண்பகம் நின்றாள். ஒரு கண்ணை மூடிய புருஷன், ஒற்றைக்காலில் அவன் அண்ணன் ஒருவன், தொட்டிலில் இன்னொரு அண்ணன், தெருவில் கண்கட்டோடு முட்டிக்கொள்ளும் ஊர். நடுவில், சிரித்துச் சிரித்துக் கன்னம் சிவந்த பிள்ளை.

"அழுதாளா?" என்றாள்.

"இல்லை தாயி. நான்தான்" என்றான் சடையன்.

கோபப்படத்தான் வாயெடுத்தாள். பிள்ளை அவளைப் பார்த்து இன்னும் ஒருதரம் சிரித்தது. செண்பகம் உருகிப்போனாள். கையை நீட்டி, "அடி என் தங்கமே, எவ்வளவு சிரிப்பு. என் கண்ணே பட்டுரும் போல இருக்கே" என்றாள்.

ஒச்சப்பன் மிச்சமிருந்த துண்டை எடுத்து அவள் கண்ணைக் கட்டினான். சடையன் பெருமூச்சு விட்டுச் சுத்தியை மறுபடி தூக்கி, இந்தத் தடவை மற்றக் காலை நீட்டினான்.