கண்ணை மூடிக் கேட்ட பாட்டு

டிவியில் பாடியே பேர் வாங்கிய பிரதர் ஆசீர்துரை, தன் புது ஸ்தோத்திரப் பாட்டை வீடியோவாக்கச் சொல்லி எடிட்டர் பியூலாவிடம் கொடுத்தார்.

"பாட்டு முழுக்க என் முகம் வரணும். ஆனா பார்க்கிறவங்களுக்கு இயேசு மட்டும்தான் தெரியணும். முடியலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

"முடியும் பிரதர்."

சொன்னபடியே முழுக்க அவர் முகம்தான். தொடக்கத்தில் மட்டும் பியூலா ஒரு வரி சேர்த்தாள்: 'எல்லாரும் கண்களை மூடி ஜெபத்தோடு கேளுங்கள்.'

சபையில் வீடியோவைப் போட்டார்கள். அந்த வரி வந்ததும், வழக்கம்போல அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். பாட்டு நெஞ்சைத் தொட, மூடிய கண்களில் நீர் வழிந்தது.

"என் முகத்தை ஒருத்தரும் பார்க்கலையே!" என்று பக்கத்தில் நின்ற பியூலாவிடம் பிரதர் பதறினார்.

"நீங்க பார்த்துட்டுத்தானே இருக்கீங்க, பிரதர்? அவங்க இயேசுவைப் பார்க்கிறாங்க."

பிரதர் சபையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ரொம்ப நன்றிம்மா. இன்னொரு தடவை போடு, நானும் பார்க்கணும்."

கண்ணை மூடிக்கொண்டார்.