பேய் கழட்டின பம்பர்

கடைக்கு இடத்தை வாடகைக்கு விட்ட கனகசபாபதியோட பழைய செவப்பு ஸ்போர்ட்ஸ் காரு சுடலைமுத்து ஒர்க்‌ஷாப்ல நிக்குது. எந்த பம்பர் கவரை மாட்டினாலும் விடிஞ்சா தரையில கெடக்குது.

"காருல பேய்டா! அதுக்குப் புடிச்ச கவரா பாத்து மாட்டு. இதுவும் விழுந்தா கடையைக் காலி பண்ணிரு!"ன்னாரு கனகசபாபதி.

சுடலைமுத்து இருந்ததுலயே நெளிஞ்ச கவரை மாட்டி, போல்ட்டுல எலுமிச்சம்பழம் கட்டினான்.

"முதலாளி, சுடுகாட்டுல மந்திரிச்சது. அவுக்குறவன் மேல பேய் ஏறிக்கும்."

மறுநா கவரு அசையவே இல்ல.

"பேய் பழத்துக்குப் பயந்துருச்சோ?"ன்னாங்க வேடிக்கை பாக்க வந்த சனங்க.

"ஸ்பானர் புடிச்ச பேயாச்சே அது! கடையோட இன்னொரு சாவி முதலாளிகிட்டதான இருக்கு?"ன்னான் சுடலைமுத்து.

எல்லாரும் சிரிச்சாங்க. கனகசபாபதி மொகம் செத்துருச்சு.

அப்ப, ஆளே இல்லாத காரு "பாஆஆம்"னு ஹார்ன் அடிச்சுது.

"பாத்தீங்களா, அதுக்கே சிரிப்பு வந்துருச்சு!"ன்னான் சுடலைமுத்து, வாசப்பக்கம் நகந்துக்கிட்டே.