நடுங்கக் கூடாத காவல் கல்லூரி

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் விலங்குகள் ஒரு கல்லூரி நடத்தின. அதற்குக் காவல் கல்லூரி என்று பெயர். புலியோ சிறுத்தையோ வந்தால் முதலில் பார்க்க வேண்டும், முதலில் குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்களைக் காப்பாற்ற வேண்டும். அதுதான் அங்கே பாடம். மான்கள் தரையிலிருந்து கத்தப் படித்தன. குரங்குகள் மர உச்சியிலிருந்து குரைக்கப் படித்தன. மயில்கள் அகவப் படித்தன.

கல்லூரித் தலைவர் ஒரு வயதான கடமான். அகலமான கொம்பு, மெதுவான நடை. கடைசியாக யார் பேசுகிறாரோ அவர் சொல்வதே சரி என்று நினைக்கும் குணம். ஒழுங்கைக் கவனித்தவர் மயில் சார். தோகையில் ஒரு தூசு ஒட்டினாலும் அன்று வகுப்பு நடக்காது!

அங்கே பொட்டு என்ற இளம் புள்ளிமான் படித்தாள். அந்தக் கோடையில் அவள் வீட்டுக்குப் போயிருந்த நேரம், மேட்டுக்கு அப்பால் இருந்த அந்த வீட்டுப் பக்கம் செந்நாய்கள் வந்தன. அவள் கண்ணெதிரிலேயே தம்பியைக் கொண்டு போய்விட்டன. அன்றிலிருந்து பொட்டுவுக்குத் தொண்டையில் புல் இறங்கவில்லை. ஒரு சருகு அசைந்தால் நான்கு காலும் நடுங்கும். சில நாள் காலையில் எழுந்திருக்கவே மாட்டாள்.

விடுதி நாவல் மரத்தடியில் இருந்தது. அந்த மரத்தில் ஒரு பலகை தொங்கியது. "மனசு சரியில்லையா? தயங்காமல் வந்து சொல்லுங்கள். நாங்கள் இருக்கிறோம்" என்று அதில் மயில் சார் எழுதியிருந்தார்.

பொட்டு அதை நம்பிப் போனாள்.

"சார், எனக்கு மனசு சரியில்லை."

"சொல்லும்மா."

"காலையில கண்ணைத் திறந்தா, எதுக்குத் திறந்தோம்னு இருக்கு சார். இப்படியே கரைஞ்சு போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

மயில் சார் கழுத்தைச் சாய்த்து முழுவதும் கேட்டார். "நீ வந்து சொன்னது ரொம்ப நல்லது" என்றார். சொல்லிவிட்டு நேரே தலைவரிடம் ஓடினார்.

"ஐயா! பதினோராம் விதி!"

கடமான் அசை போடுவதை நிறுத்தினார். "அது என்ன விதி?"

"நீங்க போட்ட விதிதான் ஐயா. மனம் கலங்கிய மாணவர் கல்லூரியை விட்டு மேட்டுக்கு அப்பால் போக வேண்டும். கலக்கம் தீர்ந்த பிறகு திரும்பலாம்."

கடமானுக்கு நினைவு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் மனம் நொந்த முயல் ஒன்று விடுதியை விட்டுப் போனது. திரும்பவே இல்லை. அதன் தாய் வந்து அவர் எதிரில் நின்று அழுதாள். அந்த அழுகை அவர் காதை விட்டுப் போகவில்லை. இனி எந்தத் தாயும் தன் எதிரில் வந்து அப்படி அழக் கூடாது என்று நினைத்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? அழுகிற பிள்ளைகளை மேட்டுக்கு அப்பால் அனுப்பிவிடுவது!

"சரி, தாயை வரச் சொல்லுங்க" என்றார்.

பொட்டுவின் அம்மா பயந்த சுபாவம். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை. மறுநாள் காலையில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"வாங்க பொட்டு அம்மா, இப்படி நிழலுக்கு வாங்க" என்றார் மயில் சார். "எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா இதைத் தண்டனைன்னு நினைக்காதீங்க. பொண்ணுக்கு ஒரு ஓய்வு."

"மேட்டுக்கு அப்பாலயா ஓய்வு? அங்கதானே சார் தம்பியைப் பறிகொடுத்தா! செந்நாய் இன்னும் அங்கதான் சுத்துது."

"அது கல்லூரி எல்லைக்கு வெளியே. அதைப் பத்தி நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது."

"அங்க நானும் அவளும் ரெண்டே பேர் சார். இங்க அவளைச் சுத்தி நாப்பது பேர் இருக்காங்க!"

"அந்த நாப்பது பேரையும் நாங்க பார்க்கணும் இல்லையா? ஒருத்தி நடுங்கினா எல்லாருக்கும் தொத்திக்கும்."

"எப்போ திரும்பி வரலாம்?"

"ஒரு மாசம் நடுங்காம இருந்ததுக்குச் சாட்சி கொண்டு வரணும். பெத்த தாய் சாட்சி செல்லாது."

"அங்க இருக்கிறது நானும் செந்நாயும்தான்! செந்நாயைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்லச் சொல்லவா?"

மயில் சார் சற்று யோசித்தார். "செந்நாய் சாட்சி செல்லுமான்னு விதியில எழுதலை" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு பண்ணுங்க. இந்த ஈரக் களிமண்ணுல ஒரு குளம்பு வச்சிடுங்க. நீங்களே விருப்பப்பட்டுக் கேட்டு அழைச்சிட்டுப் போறதா இருக்கட்டும். பொண்ணு பேரும் கெடாது, கல்லூரி பேரும் கெடாது."

பெரியவர்கள் சொன்னால் செய்துதான் பொட்டுவின் அம்மாவுக்குப் பழக்கம். காலைத் தூக்கிவிட்டாள். குளம்பு களிமண்ணைத் தொடப் போனது. அப்படியே நின்றது.

"நான் விருப்பப்படலையே!" என்றாள்.

"என்னம்மா, நீங்களே இப்படி நடுங்குறீங்க!"

"நடுங்குறேன் சார். ஆனா குளம்பு வைக்க மாட்டேன்."

அருகில் நின்ற கடமான் அவள் முகத்தைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்தார். "மூணாம் நாள் உச்சி வெயில் வரைக்கும் இருக்கட்டும் மயில். அம்மாவும் கூட இருக்கட்டும். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

செய்தி ஒரு நொடியில் கல்லூரி முழுவதும் பரவியது. அன்று ஒவ்வொரு மாணவரும் தானாகவே ஒரு பாடம் படித்துக்கொண்டார். ஆசிரியர் யாரும் நடத்தாத பாடம்!

பொட்டுவின் தோழன் நெடுவால் என்ற குரங்கு. அவன் கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கித் திட்டினான்.

"உனக்கு அறிவிருக்கா? பலகையில எழுதியிருந்தா நம்பிடுவியா? 'மான்கள் பறக்கலாம்'னு எழுதியிருந்தா பறந்திருப்பியா?"

"மனசு தாங்கலை, சொன்னேன்."

"எனக்கும்தான் ஒரு மாசமா தூக்கம் வரலை. நான் போய்ச் சொன்னேனா?"

"சொல்லலாமே நெடுவால்."

"சொல்லிட்டு, உன் கூட மூட்டையைக் கட்டவா? போடி!"

மறுநாள் காலை எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மயில் சார் கேட்டார்: "எல்லாரும் நலமா?"

"நலம் சார்!" நாற்பது குரலும் ஒரே குரலாக வந்தது.

"நெடுவால்! ஏன்டா நடுங்குற?"

"குளிர் சார்."

"பாறை வெடிக்கிற வெயில்ல குளிரா?"

"மேல உச்சிக் கிளையில கொஞ்சம் குளிரும் சார்."

வரிசையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மயில் சார் பக்கத்தில் நின்ற கடமானைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "பார்த்தீங்களா ஐயா! ஒரே நாள்ல கல்லூரி எவ்வளவு நலமா ஆயிடுச்சு!"

"அப்படித்தான் தெரியுது" என்றார் கடமான்.

இதையெல்லாம் எதிர்க்கரை உண்ணிச் செடிப் புதரிலிருந்து ஒரு சிறுத்தை கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குளம் அதற்குப் பல வருட ஆசை. ஆனால் ஒரு அடி வைத்தால் போதும், நாற்பது தொண்டை திறந்துவிடும். பார்க்கப்பட்ட சிறுத்தைக்கு இரை கிடைக்காது. பசியோடு திரும்பிப் போவதுதான் அதன் வழக்கம்.

அன்று சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு காய்ந்த குச்சியை வேண்டுமென்றே மிதித்தது. 'படக்' என்றது குச்சி. பல காதுகள் நிமிர்ந்தன. குரல் வரவில்லை!

"இதென்ன ஆச்சரியம்!" என்றது சிறுத்தை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து, வால் நுனியைப் புல்லுக்கு மேலே தூக்கிக் காட்டியது. பல கண்கள் பார்த்தன. சட்டென்று எல்லாக் கண்களும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

"ஆகா! இந்தப் பிள்ளைகளுக்கு யாரோ ரொம்ப நல்லா ஒழுக்கம் சொல்லிக் கொடுத்திருக்காங்க! அவருக்குத்தான் முதல் மரியாதை செய்யணும்" என்று மீசையை நக்கிக்கொண்டது.

மூன்றாம் நாள் உச்சி வெயில் வந்தது.

பொட்டுவும் அம்மாவும் மேட்டுப் பாதையின் தொடக்கத்தில் நின்றார்கள். "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?" என்றாள் பொட்டு. "ஒண்ணும் இல்லைடி கண்ணு" என்று அம்மா அவள் நெற்றியை நக்கினாள். "அவங்க அனுப்பினா போவோம். ஆனா நாளைக்கே திரும்பி வந்து இதே இடத்துல நிப்பேன். மறுநாளும் நிப்பேன். எத்தனை நாள் துரத்துவாங்க, பார்ப்போம்!"

மயில் சார் நீர் குடிக்கக் கரையில் இறங்கினார். தண்ணீரில் தோகையின் நிழலைப் பார்த்துச் சற்று நின்றார். அவருக்குப் பின்னால் புல் பிளந்தது.

முதலில் பார்த்தவன் நெடுவால். குரல் தொண்டை வரை வந்துவிட்டது. 'கத்தி, அது வெறும் காற்றாக இருந்துவிட்டால்? மனம் கலங்கியவன் என்று சொல்லிவிடுவார்களே! அடுத்தது நான்தானே!' குரலை விழுங்கிவிட்டான். பெட்டை மயில் ஒருத்தி பார்த்தாள். அவளும் விழுங்கினாள். கடமான் கன்று ஒன்று மோப்பம் பிடித்தது. அதுவும் விழுங்கியது. அத்தனை பேரும் கல்லைப் போல நின்றார்கள்.

பொட்டுவும் பார்த்தாள். அவளுக்கு இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது? மேட்டுக்குப் போகிறவளை இன்னொரு தடவையா மேட்டுக்கு அனுப்புவார்கள்? அவள் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அந்த நடுக்கம் வயிற்றில் ஏறி, மார்பில் ஏறி, குரலாக வெடித்தது.

"சிறுத்தை! சிறுத்தை! மயில் சார், பின்னால பாருங்க!"

அம்மாவும் கத்தினாள். அவ்வளவுதான். மூன்று நாளாக அடைத்து வைத்த நாற்பது தொண்டைகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன. காடு கிடுகிடுத்தது!

சிறுத்தை பாய்ந்தது. மயில் சார் எழும்பிப் பக்கத்துப் பாறைக்குப் பறந்தார். அவர் உடம்பு தப்பியது. தோகை தப்பவில்லை.

வாய் நிறைய இறகுகளோடு சிறுத்தை தும்மியது. "சே! இவ்வளவு நல்ல விதியை ஒரு பெண் கெடுத்துட்டாளே!" என்று துப்பிவிட்டுப் புதருக்குள் போனது.

மயில் சார் பாறையிலிருந்து இறங்கினார். பின்பக்கம் நான்கே இறகு மிச்சம். ஆத்திரத்தில் அவருக்குக் கொண்டையே ஆடியது.

"நாப்பது பேர் இருந்தீங்க! காவல் படிக்கிறீங்க! ஒருத்தர் கூடவா பார்க்கலை?"

நெடுவால் மெல்லக் கீழே இறங்கி வந்தான்.

"நான்தான் சார் முதல்ல பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டா கத்தலை?"

"நடுங்கினாத்தான் சார் எனக்குக் குரல் வரும். நடுங்காம கத்த எனக்குத் தெரியாது."

"நானும் பார்த்தேன் சார்" என்றாள் பெட்டை மயில். "நேத்தே குச்சி உடைஞ்சது கேட்டுது" என்றது கடமான் கன்று. இன்னும் பத்துப் பதினைந்து குரல்கள் வந்தன.

கடமான் முன்னால் வந்தார். "அப்போ, தினம் காலையில நலம் நலம்னு சொன்னீங்களே?"

"அது சும்மா ஐயா" என்றான் நெடுவால்.

கடமான் பொட்டுவின் பக்கம் திரும்பினார். "நீ போக வேண்டாம்மா. கல்லூரியையே காப்பாத்தினவ. இங்கயே இரு."

பொட்டுவின் அம்மா ஒரு அடி முன்னால் வைத்தாள். "ஐயா, அவ கத்தினதுக்காக அவளை வச்சுக்காதீங்க."

"ஏம்மா?"

"நாளைக்கு வேற ஒரு பிள்ளை அழும். அதுக்குக் கத்துறதுக்குக் கூடத் தெம்பு இருக்காது. யாரையும் காப்பாத்தாது. அந்தப் பிள்ளைக்கும் இங்க இடம் வேணும். விதியை எடுங்க!"

"எடுத்துட்டு, நாளைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றார் மயில் சார். "யார் ஐயா பொறுப்பு?"

"நாமதான் மயில்" என்றார் கடமான். "பிள்ளைங்களை மேட்டுக்கு அப்பால அனுப்பினா பொறுப்பும் அந்தப் பக்கம் போயிடும்னு நினைச்சேன். அது போகாது."

மயில் சார் எதிர்வாதம் சொல்ல வழக்கம்போலத் தோகையை விரித்தார். நான்கு இறகு விரிந்தது. அப்படியே மடக்கிக்கொண்டார்.

பதினோராம் விதி அன்றே போனது. மனம் நொந்தவர் மந்தையின் நடுவில் படுக்க வேண்டும், இரு பக்கமும் இருவர் முறை வைத்துத் துணை இருக்க வேண்டும், தெம்பு வரும் வரை காவல் முறையைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்குப் போவதானால், பிள்ளையே வாய் திறந்து கேட்டால்தான். அந்தக் கோடை முடியும் வரை பொட்டுவின் அம்மாவும் நாவல் மரத்தடியிலேயே தங்கினாள்.

பொட்டு ஒரே நாளில் குணமாகிவிடவில்லை. எழுந்திருக்க முடியாத காலைகள் பிறகும் வந்தன. அப்படிப்பட்ட நாட்களில் நெடுவால் மேலிருந்து கொழுந்து இலைகளாகப் பறித்து அவள் மூக்கின் மேல் போடுவான். "சாப்பிடுடி, சும்மா முறைக்காதே!" என்பான். சில நாள் அவள் சாப்பிட்டாள். சில நாள் சாப்பிடவில்லை. அவனுடைய தூக்கம் வராத கதையை அவன் ஒருநாள் கடமானிடமே போய்ச் சொன்னான். அவனை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை.

மனம் நொந்ததைச் சொல்ல வந்தவரை வெளியே அனுப்பும் இடத்தில், ஆபத்து வந்தாலும் சொல்வதற்கு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.