உப்பு ஏறாத மலை

கணவாயின் உச்சியில் துறவி அம்மையாரின் குடில் இருந்தது. மேற்கே மலைநாடு. கிழக்கே சமவெளி. அவருடைய ஒரே சீடன் மாசாத்தன், மலைநாட்டு அரசன் துரத்திவிட்ட பாட்டுக்காரன். தலை நரைத்தவன்.

அவன் கேட்டுக்கொண்டதால்தான் சமவெளி மன்னன் மலைக்கு உப்பு போகும் வழியை அடைத்திருந்தான். உப்பில்லாமல் தவித்தால் மலை மக்களே தங்கள் கொடிய அரசனை இறக்கிவிடுவார்கள், பிறகு வீடு திரும்பலாம் என்று மாசாத்தன் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் மேற்கிலிருந்து அவன் அக்கா நங்கை ஏறி வந்தாள். அரசனைப் பழித்த அவன் பாட்டுகளைத் தானியப் பானையில் ஒளித்துவைத்தவள்.

"வா அக்கா. எப்ப விழுவான் அவன்?"

"ஆடெல்லாம் சுவத்தை நக்குது. வழியைத் திறந்துவிடச் சொல்லுங்க."

அவள் அவனை இதுவரை 'நீங்க' என்றதில்லை.

"அரண்மனையில அவனுக்கு மட்டும் உப்பு இருக்கு. தெரியுமா?"

"தெரியும். முன்னெல்லாம் கஞ்சியில உப்பைப் போடறப்ப அவனை ஒரு வசவு வைவோம். இப்ப அந்த நேரத்துல அவன் பேரைச் சொல்லிக் கும்பிடறாங்க. அடைச்சது அவன் இல்லையே."

"நீயுமா?"

"உங்க அக்கான்னு ஊர் என்னையே பாக்குது. நான் இன்னும் சத்தமாக் கும்பிடறேன்."

அம்மையார் ஒரு முடிச்சு உப்பை நீட்டினார். நங்கை வாங்கவில்லை.

"அடைச்சவங்க உப்போட போனா ஊருக்குள்ள விடமாட்டாங்க, தாயே."

இறங்கிப் போய்விட்டாள்.

மாசாத்தன் அவள் போன பாதையைப் பார்த்தபடி கேட்டான். "அவன் கையைத்தானே கட்ட நினைத்தேன். இவர்கள் ஏன் அவன் பக்கம் போனார்கள், அம்மா?"

அம்மையார் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். அவன் ஒரு வாய் குடித்து நிமிர்ந்தான்.

"உப்பு போடவில்லையே."

"போடவில்லை."

"மறந்துவிட்டீர்களா?"

"இல்லை. அந்த அரசன் திருந்தும்வரை உனக்கு உப்பு கிடையாது."

"அவன் செய்ததற்கு எனக்கா? என்ன நியாயம் இது?" கலயத்தை ஓசையோடு வைத்தான்.

"இப்போது உனக்கு யார் மேல் கோபம்?"

அவன் மேற்கே திரும்பினான். மேற்குப் பாதையில் யாரும் இல்லை. காற்று மட்டும் ஏறி வந்தது.

கலயத்தை எடுத்துக் கடைசிவரை குடித்தான். பிறகு, கிழக்கே மன்னனிடம் இறங்கிப் போகத் தடியை எடுத்தான். வாசலில் நின்றான்.

"வழி திறந்தால் அவர்கள் என்னை வீட்டில் சேர்ப்பார்களா, அம்மா?"

அம்மையார் கலயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உப்பு போய்ச் சேரும்."