மீன் தலைக்கு ரெண்டு மாப்பிள்ளை

ஒரு ஊர்ல ஒரு... இல்ல இல்ல, ஊர் இல்ல, தீவு. ஒரு தீவுல ஒரு மாமியார், அவங்களுக்கு ரெண்டு மாப்பிள்ளை. தீவுன்னா நாலு பக்கமும் தண்ணி. மூணு பக்கம்தான்னா அதுக்கு வேற பேரு, அது நாளைக்கு. ம் சொல்லு.

"ம்."

மாமியார் பேரு சொர்ணத்தம்மா. மூத்த மாப்பிள்ளை நயினார். இளைய மாப்பிள்ளை பொன்ராஜ், கல்யாணமாகி மூணே மாசம். எல்லாரும் சங்கரன்கோவில் பக்கம். கடலை அதுக்கு முன்னாடி காலண்டர்ல பார்த்ததோட சரி. லீவுக்குத் தீவுக்கு வந்து, தென்னந்தோப்புக்குள்ள ஒரு வீடு எடுத்துத் தங்கினாங்க. பொண்ணுங்க ரெண்டு பேரும் சிப்பி பொறுக்கப் போயிட்டாங்க. அவங்களுக்கு இந்தக் கதையில வேலை இல்ல.

அந்த வீட்டுல ஒரு வழக்கம். மீன் குழம்பு வெச்சா, தலை மூத்த மாப்பிள்ளைக்கு. ஏழு வருஷமா நயினார் தலையைத்தான் உறிஞ்சிட்டு இருந்தாரு, சுர்ர்ர், சுர்ர்ர்னு. அப்போ தீவுல முதல் நாள் சாப்பாடு. சொர்ணத்தம்மா கரண்டியில தலையை எடுத்தாங்க. நயினார் சோத்துல குழி பறிச்சு வெச்சுட்டுக் காத்திருக்காரு. கரண்டி வந்துது, வந்துது, அவர் இலையைத் தாண்டிப் போயிடுச்சு. தொப்! பொன்ராஜ் இலையில விழுந்துது.

"புது மாப்பிள்ளை, நல்லா சாப்பிடுங்க"ன்னாங்க.

நயினாருக்கு வயிறு எரிஞ்சுது பாரு, குபுகுபுன்னு! குழம்பு காரமான்னா, இல்ல. பொன்ராஜ் குனிஞ்ச தலை நிமிரல. அஞ்சு நிமிஷத்துல இலையில தலையைக் காணோம். ஜன்னலுக்கு வெளிய ஒரு பூனை மியாவ்னுது. அந்தப் பூனையை ஞாபகம் வெச்சுக்கோ.

"ம்."

அப்புறம் நயினார் தொண்டையைக் கனைச்சாரு. "அத்தை, நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் படகுல மீன் பிடிக்கப் போறோம். யாரு பிடிக்கிறாங்களோ அவங்களுக்குத் தலை. சரிதானே?"

"சரிங்க மாப்பிள்ளை"ன்னாங்க அத்தை.

அன்னிக்குச் சாயங்காலமே ஒரு நோட்டை எடுத்து வெச்சுத் திட்டம் போட்டாரு. திட்டம்னா பெரிய திட்டம், கோடெல்லாம் போட்டு.

முதல்ல இடம். "தம்பி, நான் படகோட முன்பக்கம். நீங்க கடைசியில உட்காருங்க." ஏன்னா அவரு கார்லயும் முன்னாடி, பஸ்ஸுலயும் முன்னாடி, கல்யாணப் பந்தியிலயும் முன்னாடி உட்கார்ற ஆளு.

"உங்க இஷ்டம் அண்ணாச்சி"ன்னாரு பொன்ராஜ்.

அப்புறம் இரை. "விரல் தடிமனுக்கு இருக்குற இறால் எனக்கு. இந்த வழவழ கணவாய் மீன் துண்டு உங்களுக்கு."

"உங்க இஷ்டம் அண்ணாச்சி."

அப்புறம் தூண்டில். "சக்கரம் வெச்ச கம்பு எனக்கு. தண்ணி பாட்டில்ல சுத்தின தூண்டில் நரம்பு உங்களுக்கு."

"உங்க இஷ்டம் அண்ணாச்சி."

நயினாருக்கு அதுலயும் ஒரு எரிச்சல். கொஞ்சமாவது சண்டை போடக் கூடாதா, மனுஷன்! தூங்கிட்டியா?

"இல்ல... ம்."

விடிஞ்சுது. படகுக்காரர் மிக்கேல் வந்தாரு. டப டப டப டபன்னு படகு கிளம்பிடுச்சு. நயினார் முன்னாடி உட்கார்ந்து தூண்டிலைப் போட்டாரு. படகு முன்னால ஓடுது, நரம்பு பின்னால போயி படகுக்கு அடியில சிக்கிக்கிச்சு.

மிக்கேல் சிரிச்சாரு. "ஐயா, ஓடுற படகுல மீன் பிடிக்கிற இடம் பின்பக்கம்தான். உங்க தம்பி விவரமாத்தான் உட்கார்ந்திருக்காரு."

விவரமாவாம்! உட்கார வெச்சதே இவருதான். நரம்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டா, இறால் மெத்துனு இருக்கும்ல, அலையிலயே பிய்ஞ்சு போச்சு. கணவாய் ரப்பர் மாதிரி, கொக்கியை விடவே இல்ல. மூணாவது தடவை வீசினாரு, சக்கரம் கர்ர்ர்... கிட்! நின்னு போச்சு. மூணும் போச்சா? போச்சு.

அப்போ பின்பக்கம் பாட்டில் விர்ர்ர்ர்ர்னு சுத்துது! "அண்ணாச்சி! மீனு! கையை அறுக்குது, வந்து பிடிங்க!"

நயினார் ஓடிப்போயி நரம்பைப் பிடிச்சுட்டாரு. பிடிச்சப்புறம்தான் யோசனை வருது. இழுத்தா மீன் வரும், தலை அவனுக்குப் போகும். விட்டா தலை யாருக்குமே இல்ல. விட்டுடலாமா? ஒரு விரலை விட்டாரு. ரெண்டு விரலை விட்டாரு. மூணாவது விரலை விடப்போறப்போ, சளக்குனு மேல எகிறுச்சு பாரு, ஒரு பாரை மீன்! வெள்ளித் தாம்பாளம் மாதிரி. அதோட தலையைப் பார்த்தாரு. அம்மாடி, எத்தாம்பெரிய தலை! இதைப் போய் யாராவது கடல்ல விடுவாங்களா? அஞ்சு விரலும் தானா மூடிக்கிச்சு. ஐலசா, ஐலசா, தொப்!

வீட்டு வாசல்லயே சொர்ணத்தம்மா கேட்டாங்க. "யாரு பிடிச்சது?"

நயினார் வாயைத் திறக்குறதுக்குள்ள பொன்ராஜ் முந்திக்கிட்டாரு. "அண்ணாச்சிதான் அத்தை! நான் சும்மா பாட்டிலைப் பிடிச்சுட்டு இருந்தேன்."

"பாருங்களேன், என்ன பெருந்தன்மை!"ன்னு அத்தை கன்னத்துல கை வெச்சுக்கிட்டாங்க. தலை கிடைச்சுது, ஆனா நல்ல பேரு அவனுக்குப் போச்சு. நயினாருக்கு மறுபடியும் குபுகுபு.

சாப்பிட உட்கார்ந்தாங்க. தொப்! தலை நயினார் இலையில. அவரு மெல்லப் பக்கத்துல சாய்ஞ்சு, "ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"ன்னு கேட்டாரு.

பொன்ராஜ் குசுகுசுன்னு சொன்னாரு. "அத்தை கிட்ட சொல்லிடாதீங்க அண்ணாச்சி. எனக்கு மீன் தலைன்னா பயம். அது கண்ணைத் திறந்து என்னையே பார்க்குது. நேத்து வெச்சதை ஜன்னல் வழியா பூனைக்குப் போட்டுட்டேன்."

பூனைக்கு! அப்போ ஒரு ராத்திரி பூரா நயினார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாரு?

"பூனையை..."

ஆமா. வெட்கமாப் போச்சு அவருக்கு. சரின்னு தலையைக் கையில எடுத்து, சுர்ர்ர்னு ஒரு உறிஞ்சு உறிஞ்சாரு. ஆஹா! அப்புறம் சும்மா ஒரு பார்வை பக்கத்து இலையைப் பார்த்தாரு. அங்க, முள்ளே இல்லாம, கொழுகொழுன்னு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நடுத்துண்டு. பொன்ராஜ் கண்ணை மூடி ரசிச்சுச் சாப்பிடுறாரு.

நயினார் உறிஞ்சுறதை நிறுத்திட்டாரு. "ஏன் அத்தை... அந்த நடுத்துண்டு எப்பவும் அவருக்குத்தானா?"

அவ்வளவுதான். பாரை குழம்புல, பூனை ஜன்னல்ல, கதை கரையில. மீனுக்கு இமை கிடையாது, அதனால அது முழிச்சுட்டே கிடக்கும். உனக்கு ரெண்டு இமை இருக்குல்ல? மூடு.