கேட்டுவிட்டுக் கத்து

மத்தியானம் கண் அசரும் நேரம் பார்த்து யாராவது வாசலில் நின்று கத்தினால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

வரும்தானே. ஒரு காட்டில் இருந்த புள்ளிமானுக்கும் அப்படித்தான் வந்தது.

அது கடும் கோடை. ஓடையெல்லாம் வற்றி, காட்டில் ஒரே ஒரு குட்டைதான் மிச்சம். எல்லா மிருகங்களும் அதைச் சுற்றியே கிடந்தன. குட்டைக் கரையில் ஒரு வாகை மரம். அதன் நிழலில் புள்ளிமான் தன் குட்டியோடு படுக்கும். குட்டிக்குக் கால் இன்னும் நடுங்கும். பால் குடித்துவிட்டு அது தூங்கினால்தான் தாய் நாலு வாய் புல் மேய முடியும்.

தூங்க விட்டால்தானே.

பக்கத்துச் சரளை மேட்டில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. சருகு உருண்டாலும் கத்தும். ஆமை நகர்ந்தாலும் கத்தும். 'டிட்டிட்டீ, டிட்டிட்டீ' என்று காடு முழுக்கக் கேட்கும். குட்டி திடுக்கிட்டு எழுந்து தாயின் வயிற்றுக்கு அடியில் ஒளியும்.

ஒருநாள் மான் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டது. "ஏன் அக்கா, உனக்குத் தொண்டை வலிக்காதா? இப்ப என்ன வந்ததுன்னு கத்தினே?"

"உடும்பு போச்சு."

"உடும்பு உன்னைத் தூக்கிட்டா போயிடும்?"

"அது உடும்புன்னு தெரியறதுக்கு முன்னாடியே நான் கத்தியாகணும் தங்கச்சி. தெரிஞ்ச பிறகு கத்தி என்ன ஆகப் போகுது?"

"உன் கதை சரி. என் பிள்ளை தூங்க வேண்டாமா?"

ஆட்காட்டி சிறகை ஒடுக்கிக்கொண்டது. கல்லோடு கல்லாக உட்கார்ந்துகொண்டது. அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று மானும் கேட்கவில்லை.

புதருக்குள் படுத்திருந்த நரி இதையெல்லாம் கேட்டது. அந்த மேட்டில் முட்டை இருக்கிறது என்று நரிக்குத் தெரியும். எந்த இடம் என்றுதான் தெரியவில்லை. கூடு கிடையாது. முட்டையும் கூழாங்கல் மாதிரியே இருக்கும். தேடிப் பார்க்கலாம் என்று ஓர் எட்டு வைத்தால் போதும், குருவி கத்திக்கொண்டே தலையில் கொத்த வரும்.

நரி மானிடம் வந்தது. "பாவம் தாயி நீ. கண்ணெல்லாம் உள்ளே போயிருச்சு. பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பெரியவர் என்றால் காட்டெருமை. தண்ணீர்ச் சண்டை வந்தால் அதுதான் தீர்த்து வைக்கும். அது எதற்கும் பயந்ததில்லை. செந்நாய்க் கூட்டமே அதைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகும்.

சாயங்காலம் மிருகங்கள் கரையில் கூடின. மான் முறையிட்டது. "எனக்கும் காது இருக்கு, அதுவும் இவ்வளவு நீளம்" என்று முயலும் சேர்ந்துகொண்டது.

"கத்தவே கூடாதுன்னு சொல்றது நியாயம் இல்லை" என்றது நரி. "பாவம், அதுவும் காவல் காக்குது. ஒண்ணு செய்யலாம். எது வந்தாலும் முதல்ல பெரியவர்கிட்ட வந்து சொல்லட்டும். அவர் விசாரிச்சு, சரின்னு சொன்னா கத்தட்டும்."

காட்டெருமைக்கு அது பிடித்துப்போயிற்று. "முறைன்னா அதுதான் முறை. ஏ குருவி, இனிமே கேட்டுட்டுக் கத்து."

"கேட்டுட்டுப் போறதுக்குள்ள வர்றது வந்துடுமே, பெரியப்பா."

"என்னைத் தாண்டியா வரும்?"

எல்லாம் தலையாட்டின. முதலில் ஆட்டியது மான்தான்.

கலைந்து போகும்போது நரி குருவியிடம் சொன்னது, "கவலைப்படாதே. நீ இந்தப் பக்கம் வர்றப்ப உன் மேட்டை நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்க்காம இருந்தாலே போதும்" என்றது குருவி.

மறுநாள் காலையில் கோரைக்குள் ஏதோ அசைந்தது. குருவி காட்டெருமையிடம் பறந்தது. மேட்டில் குருவி எழுந்த இடத்தை நரி புதருக்குள் இருந்தபடியே குறித்து வைத்துக்கொண்டது.

"என்னன்னு பார்த்துட்டு வா" என்றது காட்டெருமை. பார்த்தால் ஆமை. "பார்த்தியா? ஓர் ஆமைக்காகக் காட்டையே எழுப்பியிருப்பே" என்று காட்டெருமை சிரித்தது. எல்லாம் சிரித்தன. குருவி போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மத்தியானம் காட்டில் ஒரு சத்தமும் இல்லை. குட்டி வாகை நிழலில் அயர்ந்து தூங்கியது. பிறந்ததிலிருந்து அது இப்படித் தூங்கியதே இல்லை. மான் அதை ஒரு முறை நக்கிவிட்டு, குட்டையின் அக்கரைக்கு இளம்புல் மேயப் போயிற்று.

மூங்கிலுக்குள் சிவப்பாக ஏதோ அசைந்தது. ஆட்காட்டி வாயைத் திறந்தது. காலையில் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு பறந்தது.

காட்டெருமை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, மூங்கில் பக்கம் என்னமோ சிவப்பா அசையுது. செந்நாயா இருக்கும். கத்தட்டுமா?"

"இருக்கும்னா? பார்த்தியா, பார்க்கலையா?"

"சரியா பார்க்கலை."

"பார்த்துட்டு வா."

குருவி போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. "செந்நாய்தான், பெரியப்பா."

"எத்தனை?"

"எண்ணலையே."

"ஒண்ணு ரெண்டுன்னா அதுக்கு எதுக்கு எல்லாரையும் எழுப்பணும்? போ, எண்ணிட்டு வா."

குருவி மறுபடியும் பறந்தது. எண்ணத் தேவை இருக்கவில்லை. செந்நாய்கள் மூங்கிலை விட்டு வாகை மரத்தடிக்கு வந்திருந்தன. அப்போது அது யாரையும் கேட்காமல் கத்தியது. உயிர் போகிற மாதிரி கத்தியது. முயல் புதருக்குள் பாய்ந்தது. அக்கரையிலிருந்து மான் தண்ணீருக்குள் விழுந்து ஓடி வந்தது.

குட்டி ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டது.

மான் வந்து சேர்ந்தபோது வாகை நிழலில் புல் நசுங்கிக் கிடந்தது, குட்டி படுத்திருந்த அளவுக்கு மட்டும். சரளை மேட்டில் கற்களுக்கு நடுவே உடைந்த முட்டை ஓடுகள் கிடந்தன. நரியைக் காணவில்லை.

"எல்லாம் முறைப்படிதானே நடந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் காட்டெருமை தண்ணீர் குடிக்கப் போயிற்று.

அதற்குப் பிறகு ஆட்காட்டி கத்தவில்லை. சருகு உருண்டது. உடும்பு போனது. மத்தியானத்தில் எல்லாம் நன்றாகத் தூங்கின. மானால் மட்டும் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் அது மேட்டுக்கு வந்து குருவியின் பக்கத்தில் படுத்தது. பால் கட்டிய மடி கல்லில் பட்டு வலித்தது.

"முட்டைமேல உட்கார்ந்திருக்கேன்னு அன்னைக்கே ஏன் சொல்லலை அக்கா?"

"சொன்னா நரிக்கும் கேட்டிருக்குமே, தங்கச்சி."

மான் கரையோரக் கோரையைப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது:

"அந்தக் கோரைக்குள்ள முயல் குட்டி போட்டிருக்கு. இன்னும் கண்ணு திறந்து ஒரு வாரம்கூட ஆகலை. கத்து அக்கா. யாரையும் கேட்காதே. சருகு உருண்டாலும் கத்து."

நீதி: நம் தூக்கத்தைக் கெடுக்கிறவரின் வாயை அடைக்கும் முன், அவர் ஏன் தூங்காமல் இருக்கிறார் என்று கேட்க வேண்டும்.